பொம்மக்காவின் பிறப்பைத் திருத்தியவர்கள்

கேள்வி: காதல், இழப்பு, ‘நான் யார்’ என்கிற குழப்பம் எல்லாம் மேற்கிலிருந்து சிறுகதை வந்த பிறகுதான் தமிழுக்கு வந்தது, நம் புராணமும் சாமி கதையும் வெறும் பக்திதான் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர் அடித்துப் பேசுகிறார். சரியா?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டா இப்படிப் பேசுகிறார்? பாபநாசம் போய், காரையாறு ரோட்டில் மலையேறச் சொல்லுங்கள். சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயன் சன்னதி இருக்கிறது. அங்கே நேர்ச்சையாக வருவது தோல் செருப்பு. கட்டிவிட்ட புதுச் செருப்பு நாளாக ஆகத் தேய்ந்து போகும், சாமி அதைப் போட்டு நடக்கிறார் என்பார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போகிற நாட்டில், செருப்பையே காணிக்கையாகக் கேட்கிற சாமி!

அந்தச் சாமி முத்துப்பட்டன் என்ற பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை இருவர் மேலும் ஆசைப்பட்டான். அவர்களின் அப்பா வாலப்பகடை, தோல் வேலை செய்கிற சக்கிலியர். பெண் கேட்டு வந்தவனுக்கு அவர் போட்ட நிபந்தனை: குடுமியை எடு, பூணூலை அறு, செருப்புத் தை. பட்டனின் அண்ணன்மார் பிடித்து அடைத்து வைத்தும் அவன் தப்பி வந்து மூன்றையும் செய்தான். கல்யாணத்தன்று ராத்திரியே மாடு களவு போகிறது. மாமனார் வீட்டு மாட்டை மீட்கப் போனவன் வெட்டுப்பட்டுச் சாகிறான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். காதலும் இழப்பும் போதுமா? ‘நான் யார்’ என்பதற்கு, ஊசியும் தோலும் கையில் எடுத்துப் பதில் சொன்னவன் இவன்.

பக்திதான் இருந்தது என்று சொல்வதைவிட, பக்தி இந்தக் கதையை என்ன செய்யப் பார்த்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் வெளியிட்டது. பின்னால் வந்தவர்கள் கதையில் கைவைத்ததை அவர் காட்டியிருக்கிறார். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகளாம், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம்! ஒரே ஒரு ஒட்டுதான். ஆனால் அதோடு பட்டன் தைத்த செருப்பு வீணாகிவிட்டது. எல்லாவற்றையும் விட்டு வந்தவன் கடைசியில் தன் சாதியிலேயே பெண் எடுத்தவன் ஆகிவிட்டான், தனக்கே தெரியாமல். அவனை வெட்டியவர்கள்கூட இவ்வளவு கெடுதல் செய்யவில்லை.

உங்கள் நண்பர் சொல்வதில் கொஞ்சம் நியாயமும் உண்டு, மறைக்க வேண்டாம். தீயில் இறங்கும்போது பொம்மக்கா என்ன நினைத்தாள்? இந்தக் கதையைப் பாடுகிற வில்லுப்பாட்டு அதைக் கேட்பதில்லை. கேட்கவும் முடியாது. கோயில் கொடை விழாவில் பாடும்போது, சாவு வருகிற கட்டத்தில் உடுக்கு வேகம் பிடிக்கும், குடம் அதிரும், சாமியாடி எழுந்துவிடுவார். அது அருள் வருகிற நேரம், விசாரிக்கிற நேரம் இல்லை.

விசாரிக்கச் சிறுகதைதான் வந்தது, அதையும் நம்ம திருநெல்வேலிக்காரர்தான் செய்தார். புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’, 1943. ராமன் பாதத்தால் பெண்ணாகித் திரும்பவும் குடும்பம் நடத்துகிற அகலிகையிடம், சீதை ஒருநாள் தன் அக்கினிப் பிரவேசத்தைச் சொல்கிறாள். ராமனா கேட்டான் என்று அகலிகைக்கு நெஞ்சு பதறுகிறது. சீதை சிரித்துக்கொண்டே, உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்கிற மாதிரி பதில் சொல்கிறாள். அவ்வளவுதான், அகலிகை மறுபடி கல்லாகிறாள். முதல் தடவை கோதமன் சபித்தான். இந்தத் தடவை யாரும் சபிக்கவில்லை. கதையே அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய கல், தீ, இரண்டு பெண்கள் எல்லாம் புராணத்திலிருந்து வந்தவை. மேற்கிலிருந்து வந்தது வடிவம் மட்டும்.

அப்புறம் ஒன்று. பொம்மக்காவுக்குப் போட்ட அந்த ஒட்டு வேலை இன்னும் ஓயவில்லை. கதை முழுக்கச் சாதி தாண்டிக் காதலித்துவிட்டு, கடைசிப் பத்தியில் ‘அவளும் நம்ம ஆளுதான்’ என்று ஒரு பழைய கடிதமோ ஜாதகமோ கிடைக்கிற கதைகள் எங்களுக்குத் தபாலில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் வாசகர் வட்டத்தில் யாராவது அப்படி ஒன்று எழுதி வைத்திருந்தால், தயவுசெய்து தபால் செலவை மிச்சப்படுத்தச் சொல்லுங்கள்.