பயோசிஸ்டம்ஸ் பொறியியலில் உதவிப் பேராசிரியர் வேலை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் ஒரு நிலக்கொடைப் பல்கலைக்கழகத்தில் பயோசிஸ்டம்ஸ் பொறியியல் துறையில், அதாவது பழைய பெயரில் வேளாண் பொறியியல் துறையில், பேராசிரியராக இருக்கிறேன். உதவிப் பேராசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு முறை தலைமை ஏற்றிருக்கிறேன். செப்டம்பர், அக்டோபரில் விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். கோவையிலும் குமுளூரிலும் வேளாண் பொறியியல் படித்துவிட்டு இங்கே வந்திருக்கும் பிள்ளைகள்தாம் இந்தக் கேள்விகளில் பெரும்பாலானவற்றை அனுப்பியவர்கள்.

கேள்வி: ஐயா, என் முனைவர் பட்டம் மண், நீர்ப் பொறியியலில். விளம்பரத்தில் 'பயோசிஸ்டம்ஸ்' என்று இருந்தால் நான் விண்ணப்பிக்கலாமா?

தாராளமாக. வீடு அதே வீடுதான், வாசல் பலகையைத்தான் மாற்றியிருக்கிறார்கள். மிச்சிகன் ஸ்டேட்டிலும் கென்டக்கியிலும் துறையின் பெயரில் 'பயோசிஸ்டம்ஸ்', 'அக்ரிகல்ச்சுரல்' இரண்டும் உண்டு. ஆபர்னில் பயோசிஸ்டம்ஸ் மட்டும். 1907-இல் தொடங்கிய அமெரிக்க வேளாண் பொறியாளர் சங்கமே 2005-இல்தான் 'உயிரியல்' என்ற சொல்லைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டது. பெயரைப் பார்த்துத் தயங்காதீர்கள். எந்தப் பாடம் நடத்த ஆள் தேடுகிறார்கள் என்பதைப் படியுங்கள்.

கேள்வி: 'ஆராய்ச்சி 50, கற்பித்தல் 25, விரிவாக்கம் 25 சதவீதம்' என்று போட்டிருக்கிறார்கள். இதை எவ்வளவு தூரம் பொருட்படுத்த வேண்டும்?

விளம்பரத்தில் வேறு எதையும்விட இதைத்தான் பொருட்படுத்த வேண்டும். 1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம், நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் என்ற கணக்கில் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்தது. அதை விற்ற பணத்தில் வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகள் எழுந்தன; நிலக்கொடை என்ற பெயர் அதனால்தான். 1887-இல் வந்த ஹேட்ச் சட்டம் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பணம் தந்தது. 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் விரிவாக்கப் பணிக்கு, அதாவது ஆய்வில் கண்டதை விவசாயிகளிடம் கொண்டுபோகும் வேலைக்கு, பணம் தந்தது. உங்கள் சம்பளமே இப்படி மூன்று பைகளிலிருந்து வரக்கூடும். ஆறாம் ஆண்டு வாக்கில் நிரந்தரப் பதவிக்கான பரிசீலனை வரும்போது, இதே சதவீதத்தை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள்.

விரிவாக்கம் 25 என்றால் வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் விவசாயிகளுக்கு உரியது. பெரும்பாலானோர் அதற்கு விண்ணப்பத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுகிறார்கள், அதுவும் கடைசிப் பத்தியில். எங்களுக்கு அது உடனே கண்ணில் படும்.

ஒரு முறை, தானியக் களஞ்சியத்தில் ஈரப்பதம் அளக்கும் உணரிகளைப் பற்றி, வேலைக்கு நேர்முகம் வந்த ஒருவர் கருத்தரங்கில் பேசினார். கடைசி வரிசையில் துறையின் ஆலோசனைக் குழுவிலிருந்து வந்த மக்காச்சோள விவசாயி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "தூசி அடைத்துக்கொண்டால் இதை யார் துடைப்பது?" என்று கேட்டார். பேசியவர் பையிலிருந்து ஓர் உணரியை எடுத்தார். அதன் வலை மூடி பழுப்பேறிப் பாதி அடைத்திருந்தது. "இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான்தான் துடைத்தேன். அறுவடைக் காலத்தில் அதுவும் போதவில்லை. இன்னும் தீர்வு கிடைக்கவில்லை" என்று சொல்லி, அதை அந்தப் பெரியவர் கையிலேயே கொடுத்தார். அடுத்த பத்து நிமிடம் அவர்கள் இருவரும்தான் பேசினார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஆண்டு வந்த மூவரில் கட்டுரை எண்ணிக்கையில் அவர் மூன்றாவது. வேலை அவருக்குத்தான் கிடைத்தது.

கேள்வி: அப்படியானால் கட்டுரைகள் எத்தனை இருக்க வேண்டும்? என்னிடம் ஒன்பது இருக்கின்றன. எல்லாம் என் வழிகாட்டியுடன் எழுதியவை.

ஒன்பது நல்ல எண்ணிக்கைதான். வழிகாட்டியுடன் எழுதாமல் வேறு யாருடன் எழுதுவீர்கள்? நாங்கள் கேட்பது வேறு: நாளைக்கு அவர் இல்லாவிட்டால் உங்கள் ஆய்வு எங்கே போகும்? வழிகாட்டியின் திட்டத்தையே கொஞ்சம் பெரிதாக்கி, இனிச் செய்யப்போகும் ஆய்வைச் சொல்லும் ஆராய்ச்சி அறிக்கையாக விண்ணப்பத்தில் எழுதிவிடுகிறவர்கள் ஏராளம். அவர்களை முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுகிறோம், திறமைசாலிகள் என்று தெரிந்தும்.

அறிக்கையில் மூன்று பக்கம் இருந்தால் ஒரு பக்கமாவது பணத்தைப் பற்றி இருக்கட்டும். உணவு, வேளாண்மைக்கான தேசிய நிறுவனமான நிஃபாவின் போட்டி நிதியில் எந்தப் பிரிவுக்குப் போவீர்கள்? தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கரியர் விருது நிரந்தரப் பதவி பெறாத உதவிப் பேராசிரியர்களுக்கானது. 5 ஆண்டுக்குக் குறைந்தது 4,00,000 டாலர். அதற்கு எந்தக் கேள்வியை எடுத்துப் போவீர்கள்? அதற்கான முதல்கட்டத் தரவு கையில் இருக்கிறதா? இவற்றைப் பெயர் சொல்லி எழுதுகிறவர், வேலை என்னவென்று புரிந்துகொண்டவர்.

கேள்வி: ஊரில் நெட் தேர்வு இருப்பதுபோல இங்கே ஏதாவது தகுதித் தேர்வு உண்டா?

இல்லை. ஆனால் பொறியியல் படிப்புகளின் தரத்தைச் சோதிக்கும் ஏபெட் என்ற அமைப்பின் அங்கீகாரம் துறைகளுக்கு உண்டு. வடிவமைப்புப் பாடம் நடத்துகிறவர் கல்வி, அனுபவத்தாலோ தொழில்முறை உரிமத்தாலோ தகுதி பெற்றவர் என்று துறை காட்ட வேண்டும். ஊரில் இரண்டு ஆண்டு சொட்டுநீர்ப் பாசனக் கம்பெனியில் வேலை செய்திருந்தால் அதைச் சிறியது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், எழுதுங்கள்.

கேள்வி: விசா விஷயத்தை எப்போது சொல்வது?

விண்ணப்பப் படிவமே கேட்கும், உண்மையைச் சொல்லிவிடுங்கள். எச்-1பி என்ற வேலை விசாவுக்குக் கம்பெனிகள் குலுக்கலில் நிற்க வேண்டும்; பல்கலைக்கழகங்களுக்கு அந்தக் குலுக்கல் கிடையாது. அது பெரிய நிம்மதி. ஆனால் 2025 செப்டம்பரில் வந்த அதிபர் பிரகடனம், வெளிநாட்டில் இருப்பவருக்காகத் தாக்கல் செய்யும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. ஆகவே இங்கேயே படித்து முடித்து விசா நிலை மாறுகிறவருக்கும், ஊரிலிருந்து நேரே வருகிறவருக்கும் இப்போது வேறுபாடு இருக்கிறது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன; பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்திடம் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். வேலை கிடைத்ததும் கிரீன் கார்டு பேச்சையும் உடனே தொடங்குங்கள். அதற்குத் தொழிலாளர் துறையின் சான்று வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கான தனி வழியில் அந்தச் சான்றுக்கு, உங்களைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து 18 மாதத்துக்குள் மனு போட்டாக வேண்டும். துறை அதை மறந்துவிடும். நீங்கள் மறக்கக் கூடாது.

கேள்வி: என் மனைவியும் முனைவர் பட்டம் பெற்றவர். நேர்முகத்திலேயே சொல்லலாமா?

வேலையை உங்களுக்குத் தருகிறோம் என்று சொன்ன பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன் சொல்லுங்கள். அதுதான் துறைத்தலைவர் உங்கள் மனைவிக்கும் ஒரு வேலை கேட்டு டீனிடம் போய் வாதாடக்கூடிய நேரம். குடும்ப நிலை பற்றிக் குழு உங்களிடம் கேட்கக் கூடாது. விருந்துச் சாப்பாட்டில் யாராவது வாய்தவறிக் கேட்டால் புன்னகையோடு பேச்சை ஆய்வுக்குத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: ஸ்டார்ட்-அப் நிதி பேரத்தில் என்ன கேட்பது? கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதீர்கள் தம்பி. ஆய்வகத்தைத் தொடங்கப் பல்கலைக்கழகம் தரும் இந்தப் பணத்தில் பெரும்பகுதி உங்கள் சட்டைப்பைக்குப் போவதில்லை. கருவிகள், இரண்டு ஆண்டுக்கு ஒன்றிரண்டு மாணவர்களின் உதவித்தொகை, முதல் இரண்டு கோடைக்காலச் சம்பளம் ஆகியவற்றைக் கேளுங்கள். பெரும்பாலும் சம்பளம் 9 மாதத்துக்குத்தான் என்பதை நினைவில் வையுங்கள். கேட்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பணத்தைவிட அறை முக்கியம். நான் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்த ஆய்வகத்தில் தரையில் வடிகால் இல்லை. என் ஆய்வோ மண்தொட்டிகளில் செயற்கை மழை பெய்வித்து அரிப்பை அளப்பது. ஓராண்டு முழுக்க நானும் என் முதல் மாணவியும் சேற்று நீரை வாளி வாளியாகச் சுமந்து வெளியே கொட்டினோம். வளாகத்துக்குப் போகும்போது அறையைக் காட்டச் சொல்லுங்கள். வடிகால், மும்முனை மின்சாரம், டிராக்டர் நுழையும் அளவு கதவு, பண்ணையில் எத்தனை ஏக்கர் உங்களுக்கு என்பதையெல்லாம் அங்கேயே நின்று கேளுங்கள்.

கேள்வி: நான் இப்போது உதவிப் பேராசிரியர். என்னையே தேர்வுக் குழுவில் போட்டிருக்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

விளம்பரத்தைக் கவனியுங்கள். பண்ணை இயந்திரம், நீரியல், இயந்திரக் கற்றல் மூன்றும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று நாங்கள் ஒரு முறை எழுதினோம். ஓய்வுபெறும் மூவரின் வேலையை ஒருவர் தலையில் கட்டப் பார்த்தோம். அப்படி ஓர் ஆள் உலகத்திலேயே இல்லை, ஓராண்டு வீணாயிற்று. இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஏனென்றால் அந்தக் குவியலில் அருமையான நீரியலாளர் ஒருவர் இருந்தார், இயந்திரம் தெரியாது என்று அவரை விட்டுவிட்டோம்.

மதிப்பெண் அளவுகோலை விண்ணப்பங்களைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். ஸூம் நேர்முகத்தில் எல்லோரிடமும் அதே கேள்விகளையே கேளுங்கள். முதுநிலை மாணவர்கள் விண்ணப்பதாரருடன் தனியாகச் சாப்பிடட்டும். அவர்கள் சொல்வதைக் குழுக் கூட்டத்தில் முதலில் படியுங்கள்.

கேள்வி: என் ஆங்கில உச்சரிப்பு மாணவர்களுக்குப் புரியுமா என்று பயமாக இருக்கிறது. அடுத்த வாரம் வளாக நேர்முகம், மாதிரி வகுப்பும் எடுக்க வேண்டும்.

உச்சரிப்பால் ஒருவரை ஒதுக்கியதை நான் பார்த்ததில்லை. வேகத்தால் ஒதுக்கியதைப் பார்த்திருக்கிறேன். 50 நிமிட வகுப்புக்கு 20 ஸ்லைடு போதும். ஒரு கணக்கை, உதாரணமாக நெல் உலர்த்தியில் காற்றோட்டம் எவ்வளவு என்பதை, பலகையில் அலகுகளோடு முழுவதும் போட்டுக் காட்டுங்கள். பாதியில் நிறுத்தி, அடுத்த வரி என்ன என்று மாணவர்களைக் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை காத்திருங்கள்; அந்த மௌனத்தை நீங்களே நிரப்பிவிடாதீர்கள். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.