'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதினால் ஏன் சிரிக்கிறார்கள்?

கேள்வி இது: 'ரெயின்' என்ற ஆங்கிலச் சொல்லோடு எந்தெந்தச் சொற்கள் சேரும்? 'ஹெவி ரெயின்' சரி என்றால் 'ஸ்ட்ராங் ரெயின்' ஏன் தவறு?

கேட்டவர் சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவர் என்று நினைக்கிறேன். எழுதிக் கொடுத்ததைப் பார்த்து யாரோ சிரித்திருக்க வேண்டும். சும்மா இருக்கிறவனுக்கு இந்தச் சந்தேகம் வராது.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மழை அதிகமென்றால் ஹெவி, குறைவென்றால் லைட். ஸ்ட்ராங் என்பது காற்றுக்கு. மூடுபனி திக். சாலை நெரிசலும் ஹெவிதான், ஓயாமல் சிகரெட் பிடிப்பவரும் ஹெவி ஸ்மோக்கர்தான். தேநீருக்கு ஸ்ட்ராங். அதே தேநீரைக் காப்பிக்கடையில் 'தே காவ்' என்று கேட்கிறோமே, அந்தக் 'காவ்' ஹொக்கியன் என்ற சீனப் பேச்சுமொழியில் கெட்டி என்று பொருள். ஆங்கிலேயனுக்குப் பலமான டீ, சீனருக்குக் கெட்டி டீ. இதில் எது சரி என்று யாரிடம் போய்க் கேட்பது? அவரவர் நாக்குப் பழக்கம்.

ஆங்கிலம் படித்த பெரியவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நான் பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் 200க்கு 92 வாங்கியவன். பட்டதைத்தான் எழுதுகிறேன்.

2014இல் சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் ஒரு கட்டுமான சைட்டில் இருந்தேன். அன்றைக்கு மூன்றாம் மாடி ஸ்லாபுக்கு கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். பாதி முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. போட்டவரைக்கும் பிளாஸ்டிக் ஷீட் இழுத்து மூடினோம். கீழே இரண்டு மிக்சர் லாரி காத்துக்கொண்டு நிற்கிறது. அன்று மாலை சைட் டயரியில் நான் எழுதியது இதுதான்: 'காஸ்டிங் ஸ்டாப், ஸ்ட்ராங் ரெயின். ரெயின் லெஃப்ட், காஸ்டிங் ஸ்டார்ட்.' மழை விட்டதாம், ரெயின் லெஃப்டாம்! இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மறுநாள் மீட்டிங்கில் இன்ஜினியர் அதைச் சத்தமாகப் படித்தார். இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். படித்துவிட்டு, "என்னண்ணே, மழை ஜிம்முக்குப் போய்ட்டு வந்துச்சா?" என்று தமிழில் கேட்டார். அப்புறம் மற்றவர்களுக்காக ஆங்கிலத்திலும் சொன்னார். எட்டுப் பேரும் சிரித்தார்கள். தினமும் என்னோடு சாப்பிடுகிற மியன்மார் பையனும் சிரித்தான். அதுதான் உறுத்தியது.

எங்கே தப்பு நடந்தது என்று அன்று இரவு படுக்கையில் யோசித்தேன். செய்தியில் 'பலத்த மழை' என்றுதானே கேட்டு வளர்ந்திருக்கிறோம்? பலம் என்றால் ஸ்ட்ராங். கணக்கு அங்கேதான் உதைத்தது. இந்த ஒரு 'பலத்த' ஆங்கிலத்தில் எத்தனை துண்டாகிறது பாருங்கள். பலத்த காற்று ஸ்ட்ராங் விண்ட். பலத்த மழை ஹெவி ரெயின். பலத்த காயம் சீரியஸ் இன்ஜுரி. பலத்த கைதட்டல் லவுட் அப்ளாஸ். பலத்த பாதுகாப்பு டைட் செக்யூரிட்டி. 'லேசான' கதையும் இதுதான். மழைக்கு லைட், ஆனால் காய்ச்சலுக்கு மைல்ட் அல்லது ஸ்லைட். 'லைட் ஃபீவர்' என்று எழுதிக் கொடுத்தால் டாக்டருக்குப் புரியும், ஆனால் அவர் அப்படி எழுத மாட்டார்.

ஆகவே அடைமொழியைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், ஜோடியாகப் பிடியுங்கள். எனக்கு வாத்தியாராக இருந்தது வானிலை ஆப்தான். கிரேன் வேலை இருக்கும் நாளில் காலையில் முதல் காரியம் அதைப் பார்ப்பது. 'லைட் ரெயின்', 'மாடரேட் ரெயின்', 'பாஸிங் ஷவர்ஸ்', அப்புறம் நம் வயிற்றைக் கலக்கும் 'ஹெவி தண்டரி ஷவர்ஸ் வித் கஸ்ட்டி விண்ட்ஸ்'. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 170 நாள் மழை பெய்கிறது. வருஷத்தில் பாதி நாள் இலவச ஆங்கில வகுப்பு! வினைச்சொல்லும் இப்படியே வந்து சேர்ந்தது. மழை கொட்டினால் போரிங், தூறினால் டிரிசில், விட்டால் ஸ்டாப். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த அந்த நாய் பூனை மழையை இத்தனை வருஷத்தில் ஒருவர் வாயிலும் நான் கேட்கவில்லை.

அந்த இன்ஜினியர் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் போனில், "அண்ணே, இங்க மழை விழுது, லிஃப்டிங் வேணாம்" என்றார், கிரேனில் தூக்கும் வேலையைச் சொல்கிறார். மழை எங்கேயாவது விழுமா? பெய்யும். அவருக்கு ஆங்கிலம் தமிழில் வந்து விழுந்திருக்கிறது. நான் திருத்தவில்லை, சிரிக்கவும் இல்லை. வேலைக்கான அனுமதிச் சீட்டான பெர்மிட்டில் அவர் கையெழுத்து வேண்டுமே. தமிழ் தப்பாக வந்தால் 'பரவாயில்லை, பேசுறாரே' என்று தட்டிக்கொடுக்கிறோம், ஆங்கிலம் தப்பாக வந்தால் ஆளையே எடை போட்டுவிடுகிறோம். அவர் நல்ல மனிதர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு ஜோடி, 'டிரைவிங் ரெயின்'. காற்று தள்ளிக்கொண்டு வந்து பக்கவாட்டில் அறையும் மழை. இதை எனக்கு எந்த ஆப்பும் சொல்லித்தரவில்லை. தொழிலாளர் தங்கும் டார்மிட்டரியிலிருந்து சைட்டுக்கு லாரியின் பின்னால் உட்கார்ந்து வந்த வருஷங்களில் உடம்பு தெரிந்துகொண்டது, பெயர் மட்டும் பிற்பாடு கிடைத்தது. மேலே கூரை உண்டு, சட்டப்படி இருக்க வேண்டும். ஆனால் விரைவுச்சாலையில் போகும்போது மழை மேலிருந்தா வருகிறது? சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சட்டைக்குள் வைத்து, குனிந்து உட்கார்ந்து வருவோம். நனைந்த சட்டையோடு, வேலை தொடங்குமுன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் நின்று பாதுகாப்புப் பாடம் கேட்போம். நான் இப்போது எம்ஆர்டி ரயிலில் போகிறேன். என் கீழே வேலை செய்யும் பையன்கள் இன்னும் லாரியில்தான் வருகிறார்கள். பஸ் வைத்தால் செலவாகும் என்கிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று யாராவது கீழே எழுதுவீர்கள். எழுதுங்கள்.

கேட்ட தம்பிக்கு ஒன்று. டயரியில் 'ஹெவி ரெயின்' என்று போடும்போது பக்கத்திலேயே நேரத்தையும் போடுங்கள், 10.20 முதல் 11.45 வரை என்று. மழையால் போன நாளுக்குக் கூடுதல் அவகாசம் கேட்கும்போது கன்சல்டன்ட் முதலில் தேடுவது அதைத்தான்.