வேற்று நாட்டவரோடு இணையத்தில் பேசுவது: கேள்வி பதில்

பல நாட்டவர் சேர்ந்து வேலை செய்யும் குழுக்களுக்கு இணையவழிப் பேச்சுப் பயிற்சி தருகிறேன். அதில் எழும் சந்தேகங்களைக் கேளுங்கள்.

கேள்வி: காணொளிக் கூட்டத்தில் நான் எதையாவது கேட்டால் எதிர்முனையில் அமைதி. பிடிக்கவில்லை என்று அர்த்தமா? அவர்கள் பண்பாடே அப்படியா?

இதை விரிவாகச் சொல்கிறேன். நான் பார்த்த மனக்கசப்புகளில் பாதி இங்கேதான் தொடங்கியது.

2009இல் தான்யா ஸ்டிவர்ஸும் சக ஆய்வாளர்களும் பத்து மொழிகளில், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும் கேள்விகளை எடுத்து, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்தார்கள். சராசரி கிட்டத்தட்ட 0.2 நொடி. பத்தில் மிக வேகமாகப் பதில் வந்தது ஜப்பானிய மொழியில், மிக மெதுவாக வந்தது டேனிஷ் மொழியில். ‘ஜப்பானியர் யோசித்து யோசித்துத்தான் பேசுவார்கள்’ என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

சரி, இணைப்புக்கு வருவோம். குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக 0.3 நொடி ஆகிறது என்று வையுங்கள். உங்கள் கேள்வி போக 0.3, அவர் வழக்கம்போலப் பதில் தொடங்க 0.2, அது திரும்பி வர இன்னொரு 0.3. உங்கள் காதில் 0.8 நொடி மௌனம். அவர் தயங்கவே இல்லை! பொறுக்க முடியாமல் நீங்கள் “கேட்கிறதா?” என்கிறீர்கள், அவர் பதில் வந்து அதோடு மோதுகிறது. அவர் பார்வையில் நீங்கள் குறுக்கே பேசுகிறவர். முதலில் இணைப்பைச் சந்தேகியுங்கள், மனிதரை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: கட்டைவிரல் எமோஜி எந்தெந்த நாட்டில் தப்பு?

ஈரானில் அந்தச் சைகையை வசையாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஆனால் நாட்டுப் பட்டியலை நம்பாதீர்கள். கனடாவில் ஒரு விவசாயிக்கு ஆளி விதை ஒப்பந்தம் கைப்பேசியில் வந்தது, அவர் கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினார். ‘கிடைத்தது’ என்ற பொருளில்தான் அனுப்பினேன் என்றார் அவர். ஒப்புக்கொண்டார் என்றது வாங்குபவர் தரப்பு. 2023இல் சஸ்காச்சுவான் மாகாண நீதிமன்றம் அதைச் சம்மதம் என்றே கொண்டு, விதையைத் தராத அந்த விவசாயியை 82,000 கனடிய டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. இரு தரப்பும் ஒரே நாடு, ஒரே மொழி. பணமோ கெடுவோ சம்பந்தப்பட்டிருந்தால் வாக்கியமாக எழுதுங்கள்.

கேள்வி: சிரிக்கும் முகம் அனுப்பினேன், கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். பண்பாட்டு வேறுபாடா?

கைப்பேசி வேறுபாடாகவும் இருக்கலாம். ஒரே எமோஜியை ஒவ்வொரு நிறுவனமும் வேறுமாதிரி வரைகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் 2016 ஆய்வில், அதே முகம் ஒரு வகைக் கைப்பேசியில் மகிழ்ச்சியாகவும் இன்னொன்றில் பல்லைக் கடிப்பது போலவும் தெரிந்தது.

கேள்வி: நாடுவாரியாக எமோஜி பட்டியல் தர முடியுமா?

மேலே சொல்லிவிட்டேன். தரமாட்டேன்.

கேள்வி: எந்த மொழிபெயர்ப்புச் செயலி நல்லது?

என் துறை இல்லை. இரு மொழியும் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: இப்போது எல்லாருக்கும் ஒரே ஆங்கிலம், ஒரே மீம். பண்பாட்டு வேறுபாடு என்பதே பழைய கதை இல்லையா?

இல்லை. மேலாளர் எதிரில் “முடியாது” என்று சொல்வது எப்படி, சொல்லலாமா என்பதை மீம் மாற்றிவிடவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்ளும் பழக்கம் சில சமூகங்களில் அதிகம் என்று அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976இல் எழுதினார். “பார்க்கலாம்” என்பதை நேரில் சொன்னால் முகம் மீதியைச் சொல்லிவிடும். மின்னஞ்சலில் அந்த ஒரு சொல் மட்டுமே போய்ச் சேருகிறது.

அவரே மீண்டும்: எங்கள் குழுவில் ஆறு நாட்டவர். ஒரு சண்டையும் வந்ததில்லை.

சண்டை வராததால் எல்லாரும் புரிந்துகொண்டார்கள் என்று ஆகிவிடாது. கூட்டத்தில் வாயே திறக்காதவர் யார் என்று பாருங்கள்.

இன்னொருவர்: வாயே திறக்காதவர்களில் நானும் ஒருத்தி. ஆங்கிலத்தில் வாக்கியம் கட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. ‘அவர்கள் ஊர்ப் பெண்கள் கூச்ச சுபாவம்’ என்று என்னைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

இதை எழுதியதற்கு நன்றி. கூட்டம் நடத்துபவர்கள் தயவுசெய்து இதை இரண்டு முறை படியுங்கள். இரண்டாம் மொழியில் பேசுபவருக்கு நேரம் வேண்டும். கேள்விகளை முந்தின நாளே அனுப்புங்கள். அரட்டைப் பெட்டியில் எழுதியதையும் வாய்விட்டுப் படியுங்கள். முடிப்பதற்கு முன் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கேளுங்கள்.

ஆறு நாட்டவர் குழுக்காரர்: அப்படியானால் இது மொழிப் பிரச்சினை. பண்பாடு இல்லை என்று நான் சொன்னதுதானே சரி?

இவர் விஷயத்தில் சரிதான். ஆனால் யார் குறுக்கிடலாம், யார் காத்திருக்க வேண்டும் என்பது ஒவ்வொருவரும் வளர்ந்த இடத்தில் கற்றது. அதைப் பேசி ஒரு பொது விதி வைக்காதவரை, குறுக்கிடப் பழகியவர்தான் கூட்டத்தை நடத்துவார். உங்கள் ஆறு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் வந்து சொல்லுங்கள்.

கேள்வி: எமோஜியே போடாமல் இருப்பது நல்லதா?

மறுபடியும் எமோஜி! எதிரில் இருப்பவர் போடுகிறாரா என்று பார்த்துப் போடுங்கள். இதோடு எமோஜி போதும்.

கேள்வி: 04/05 அன்று கூட்டம் என்று அனுப்பினேன், அமெரிக்க நண்பர் ஒரு மாதம் முன்னாலேயே வந்து காத்திருந்தார்.

அவருக்கு அது ஏப்ரல் 5, உங்களுக்கு மே 4. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். மணியோடு நேர மண்டலத்தையும் சேருங்கள். மார்ச்சில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகின்றன, ஆனால் வெவ்வேறு வாரத்தில். அதனால் அந்த இடைப்பட்ட நாட்களில் வழக்கமான கூட்டமும் ஒரு மணி நேரம் முன்பின்னாகும்.