தளபதியும் படைச் செலவும்: வியூக விளையாட்டு வடிவமைப்பு பற்றிய கேள்வி பதில்

கேள்வி: தளபதிக்கு எத்தனை குணங்கள் வைக்கலாம்? நான் பன்னிரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

பதில்: மூன்று போதும். ஒரு குணம் இருப்பதால் ஆட்டக்காரரின் முடிவு மாற வேண்டும். மாறாவிட்டால் அந்த எண்ணை நீக்கிவிடலாம். யூரோபா யூனிவர்சாலிஸ் 4 என்ற கணினி வியூக விளையாட்டில் தளபதிக்குச் சுடுதிறன், மோதல், நகர்வு, முற்றுகை என நான்கு இருக்கின்றன. முற்றுகையில் தேர்ந்தவரைக் கோட்டைக்கும் மோதலில் தேர்ந்தவரைக் களத்துக்கும் அனுப்ப வேண்டியிருப்பதால் அவற்றுக்கு வேலை இருக்கிறது. உங்கள் பட்டியலில் போர்த்திறனையும் நடைவேகத்தையும் வைத்துக்கொண்டு, படையைப் பட்டினி போடாமல் நடத்தும் திறமையை மூன்றாவதாகச் சேருங்கள். தளபதி ஒரு பக்கமும் படைச் செலவு இன்னொரு பக்கமுமாக வடிவமைக்கப்பட்ட ஆட்டங்கள் பாதியிலேயே சலித்துப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒரு படைப்பிரிவுக்குச் சுற்றுக்கு எத்தனை பொன் செலவு வைப்பது?

பதில்: பொதுவான எண் எதுவும் கிடையாது. ஆட்டத்தின் நடுப்பகுதியில் ஒரு சராசரி நாட்டின் வருமானம் எவ்வளவு என்று முதலில் கணக்கிடுங்கள். அமைதிக் காலப் படை அதில் எவ்வளவு பங்கை விழுங்கலாம் என்று முடிவு செய்து, அந்தத் தொகையைப் பிரிவுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். நான் பாதி வருமானத்தில் தொடங்குவேன். அப்போதுதான் புதிய பிரிவா, புதிய சந்தையா என்ற தயக்கம் ஆட்டக்காரருக்கு வரும்.

கேள்வி: தளபதியின் திறமையால் செலவு 20 சதவீதம் குறையுமாறு வைத்திருக்கிறேன். சரியா?

பதில்: சரிதான், ஆனால் குறைப்புகளை ஒன்றோடொன்று கூட்டாதீர்கள். என் முதல் ஆட்டத்தில் தளபதி, கிடங்கு, சட்டம், அமைச்சர், கோட்டை ஆகிய ஐந்தும் தலா 20 சதவீதம் குறைத்தன. சோதனையின் மூன்றாம் நாள் ஒருவர் ஐந்தையும் சேர்த்துவிட்டார். செலவுக் கட்டத்தில் பூஜ்யம் நின்றது, அதற்குப் பிறகு அவர் படை திரட்டுவதை நிறுத்தவே இல்லை. அதே ஐந்தையும் கூட்டாமல், முந்தைய குறைப்பில் மிஞ்சியதிலிருந்து அடுத்த 20 சதவீதம் என்று பெருக்கினால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் செலவு மிஞ்சும்.

கேள்வி: பொன் செலவு இருக்கும்போது தானியம் எதற்கு? இரட்டைக் கணக்காக இருக்கிறதே.

பதில்: பொன்னுக்குத் தூரம் தெரியாது, தானியத்துக்குத் தெரியும். ஒரு பொதிக்குதிரை ஏறத்தாழ 100 கிலோ சுமக்கும். வழியில் மேய்ச்சல் இல்லையென்றால் நாளுக்குச் சுமார் 10 கிலோ தின்னும். மூன்று நாள் தொலைவில் இருக்கும் படைக்குப் போய்த் திரும்ப அதற்கே 60 கிலோ போய்விடுவதால், படைக்குக் கிடைப்பது 40 கிலோ. ஐந்து நாள் தொலைவென்றால் எதுவும் கிடைக்காது. தலைக்கு நாளுக்கு ஒரு கிலோ என்று வைத்தாலும் 10,000 வீரர்களுக்கு நாள்தோறும் 250 குதிரைகள் வந்து இறக்க வேண்டும். ஒரு நடைக்கு ஆறு நாள் ஆவதால் மொத்தம் 1,500 குதிரைகள் தேவை. இந்தக் கணக்கை அப்படியே ஆட்டக்காரரின் தலையில் கட்ட வேண்டாம். வரைபடத்தில் கிடங்கிலிருந்து ஒவ்வொரு கட்டம் விலகும்போதும் வழங்கல் சரிந்து ஐந்தாவது கட்டத்தில் நின்றுபோகட்டும். ஆற்றுவழிக்கு இந்தத் தொலைவை நீட்டுங்கள்.

கேள்வி: ஏற்க முடியவில்லை. 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரில், புனித ரோமானியப் பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைன் பிடித்த நிலத்திலேயே வசூலித்துத்தான் படையை நடத்தினார். அயல் மண்ணில் நிற்கும் படைக்குச் செலவே கூடாது.

பதில்: வசூலித்தார் என்பது உண்மை. ஆனால் வசூலிக்கப்பட்ட மாவட்டம் அடுத்த ஆண்டும் அதே அளவு தராது. உங்கள் விதியில் நிலம் வற்றுவதே இல்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இருப்பு வையுங்கள்; படை தங்கத் தங்க அது கரையட்டும், மீள நான்கைந்து சுற்றுகள் ஆகட்டும். அப்போது தளபதியின் மூன்றாவது குணத்துக்கும் வேலை வரும்: திறமையுள்ளவர் அதே இருப்பில் இன்னும் ஒரு சுற்று தாக்குப்பிடிப்பார்.

கேள்வி: குதிரைப்படைக்கு எத்தனை பொன்?

பதில்: இரண்டாவது பதிலில் உள்ள முறையே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: வாலன்ஸ்டைன் பற்றி முன்பு கேட்டதும் நான்தான். நெப்போலியன் கிடங்குகளை நம்பாமல்தானே வென்றார்?

பதில்: 1805-இல் வென்றார். அறுவடை முடிந்த வளமான நிலத்தின் வழியாக, படைப்பிரிவுகளைத் தனித்தனிச் சாலைகளில் வேகமாக நடத்தி, அக்டோபரில் தெற்கு ஜெர்மனியின் உல்ம் நகரில் ஆஸ்திரியப் படையைச் சரணடையச் செய்தார். 1812 ஜூனில் அவர் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களோடு ரஷ்ய எல்லையான நீமன் ஆற்றைக் கடந்தார். செப்டம்பரில் மாஸ்கோவுக்குள் நுழைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேரே உடன் இருந்தார்கள். காவலுக்கு விட்டுச்சென்றவர்களும் போரில் மாண்டவர்களும் நீங்கலாகவும் பசியும் நோயும் களைப்பும் கொண்டுபோன தொகை மிகப் பெரியது, அதுவும் பனிக்காலம் வருமுன்பே. இரண்டு முறையும் தளபதி ஒருவரே. மாறியது நிலமும் தொலைவும்தான். உங்கள் விதியில் இவ்விரு படையெடுப்புகளும் ஒரே முடிவைத் தரும் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

கேள்வி: தளபதியின் முகப்படங்களை எப்படி வரைவது?

பதில்: அது ஓவியர்களிடம் கேட்க வேண்டியது.

கேள்வி: என் தளபதி, கிடங்கு இரண்டும் செலவைக் குறைக்கின்றன. கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். மூன்றாவது பதிலைப் பாருங்கள்.

கேள்வி: வில்லாளிக்கு எத்தனை பொன் வைக்கலாம்?

பதில்: இதே கேள்வி மூன்றாம் முறையாக வருகிறது, இனி எண் கேட்டு வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதப் போவதில்லை.

கேள்வி: கருவூலம் காலியானால் படைகள் தாமாகக் கலைந்துவிடுகின்றன. வேறு வழி உண்டா?

பதில்: நல்ல கேள்வி. ஆயுதம் தாங்கிய ஒரு படை, சம்பளம் வரவில்லை என்பதற்காக அமைதியாக வீட்டுக்குப் போவது அரிது. 1575-இல் ஸ்பெயின் அரசு கடன் தவணைகளை நிறுத்தியது. அடுத்த ஆண்டு நவம்பரில், சம்பளம் கிடைக்காத அதன் வீரர்கள் தங்கள் அரசரின் ஆட்சிக்குட்பட்ட, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரையே சூறையாடினார்கள். ஆகவே பாக்கியைச் சுற்றுக்குச் சுற்று சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு சுற்றுப் பாக்கியில் மன உறுதி குறையட்டும், மூன்றில் நகர மறுக்கட்டும், ஐந்தில் அருகில் உள்ள நகரைக் கொள்ளையிடட்டும். இடையில் தளபதி தன் கைப்பணத்திலிருந்து பாக்கியைத் தீர்க்க முன்வரலாம். அதை ஏற்றால் படையின் பற்று அரசரை விட்டு அவர்பால் நகரும். முன்பு வாதிட்ட நண்பர் சொன்ன வாலன்ஸ்டைன், படை தன் வசமாகிவிட்டது என்ற அச்சத்தாலேயே 1634 பிப்ரவரியில் பேரரசரின் பக்கம் நின்ற அதிகாரிகளால் கொல்லப்பட்டார். பாக்கித் தொகையைத் தளபதியின் பெயருக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். கருவூலப் பக்கத்தில் ஒளித்துவைத்தால் கலகம் வரும்வரை ஆட்டக்காரருக்குத் தெரியாது.