எமர்ஜென்சியில் நர்ஸ் மீது கை வைத்தால்: புகார் பற்றிய கேள்வி பதில்

தேவகோட்டையிலிருந்து: பேஷண்ட்டோடு வந்தவர் கன்னத்தில் அறைந்துவிட்டார். முதலில் என்ன செய்ய வேண்டும் அக்கா?

112-க்குக் கூப்பிடுங்கள். அடுத்து டூட்டி டாக்டரிடம் நீங்களே பேஷண்ட்டாகப் போய், ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் (ஏ.ஆர்., காயங்களை ஆஸ்பத்திரி எழுதிவைக்கும் பதிவேடு) பதிவு போடச் சொல்லுங்கள். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். லேசான அடிதானே என்று ஷிஃப்டை முடித்துவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் சிவப்பும் வீக்கமும் வடிந்திருக்கும். காயத்துக்குச் சான்றே இருக்காது. எந்த இடத்தில், எத்தனை சென்டிமீட்டர், கையாலா பொருளாலா, தெரிந்த நபரா தெரியாத நபரா, எத்தனை மணிக்கு என்ற ஐந்தும் ஏ.ஆர். பதிவில் வேண்டும். வார்டு ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதுவது மட்டும் புகார் ஆகாது சிஸ்டர்.

திருப்பத்தூர்: அடிக்கவில்லை. டிரிப் ஸ்டாண்டைத் தூக்கி மிரட்டினார், கெட்ட வார்த்தை பேசினார். இதற்குப் புகார் உண்டா?

உண்டு. 2008-ம் ஆண்டின் 48-ம் எண் தமிழ்நாடு சட்டம், மருத்துவப் பணியாளரை மிரட்டுவதையும் வேலையைத் தடுப்பதையும் வன்முறை என்றே சொல்கிறது. நர்ஸும் நர்சிங் மாணவியும் அதில் அடக்கம். புகாரில் "தகாத வார்த்தை பேசினார்" என்று நாசூக்காக எழுதாதீர்கள். கூசினாலும் அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள். வழக்கு அந்தச் சொல்லில்தான் நிற்கும்.

காரைக்குடி: ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, பேசி முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வந்தது என்பதற்கான ரசீதுதான், எஃப்.ஐ.ஆர். அல்ல. மேற்படி சட்டத்தில் தண்டனை 3 முதல் 10 ஆண்டு. ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட முடியாத குற்றம். இப்படிப்பட்ட குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. 14 நாள் முன்விசாரணை என்று தள்ளினால், அது 7 ஆண்டுக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான் என்று சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் புகாரைச் சிவகங்கை எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். அதற்கடுத்த படி மாஜிஸ்திரேட். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். சமாதானக் கடிதத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

புதுவயல்: கேமராவில் பதிவாகியிருக்கிறது. போனில் எடுத்து வைத்தால் போதுமா?

போதாது. பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். அதனால் அன்றைக்கே, எந்தக் கேமரா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று குறிப்பிட்டு, பாதுகாத்து வைக்கச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். மறுபிரதியில் சீல் வாங்குங்கள். கோர்ட்டுக்குப் போகும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். அதில் கருவிக்குப் பொறுப்பானவரும் ஒரு நிபுணரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கோட்டையூர்: குடிபோதையில் இருந்தவர் கையைக் கடித்துவிட்டார்.

புகார் பிறகு. உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்; பிதுக்காதீர்கள். தோல் கிழிந்திருந்தால் டி.டி., ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி நிலை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து மூன்றையும் டாக்டர் பார்க்க வேண்டும். அந்த மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி தாண்டினால் பயனில்லை. கடித்தவரின் ரத்தப் பரிசோதனைக்கும் அப்போதே கேளுங்கள், அவரை டிஸ்சார்ஜ் செய்தபின் கிடைக்காது.

சிராவயல் பக்கம்: மஞ்சுவிரட்டு அன்று கூட்டம் கட்டுக்கடங்காது. முன்கூட்டியே என்ன செய்யலாம்?

பந்தோபஸ்து கேட்டு ஒரு வாரம் முன்பே ஆஸ்பத்திரி சூப்பரின்டென்டன்ட் வழியாக ஸ்டேஷனுக்குக் கடிதம் கொடுங்கள். நகலைக் கையில் வைத்திருங்கள்.