ஓலைப்பெட்டி வியாபாரமும் சோர்வும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்குக் குமரி மாவட்டத்தில் திங்கள்சந்தை பக்கம். பனை ஓலையில் பெட்டி, விசிறி, பர்ஸ் முடைந்து வீட்டிலிருந்தே விற்கிறேன். ஆறு வருடமாகிறது. ஆரம்பத்தில் சபையில் பக்கத்தில் உட்காரும் டீச்சர் ஒரு பெட்டி வாங்கினார். அவர் சொல்லி அவர் பள்ளிக்கூடத்திலேயே நாலைந்து பேர் வாங்கினார்கள். மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு வந்த கொல்லத்துச் சேச்சி ஒருவர் விசிறி வாங்கிப்போய், பிறகு கூப்பிட்டு இன்னும் பத்து கேட்டார். கொரோனா சமயத்தில் வாட்ஸ்அப்பில் போட ஆரம்பித்தேன். போட்ட அன்றே போகும். இப்போது போட்டோ போட்டால் 'சூப்பர்' என்று வருகிறது, ஆர்டர் வருவதில்லை. மூடிப்பெட்டி 180 ரூபாய் என்றால் 150க்குத் தருவாயா என்கிறார்கள். ஓலையைக் கையில் எடுத்தாலே கை ஓடுவதில்லை. தெரிந்த ஒருவர், "6000 ரூபாய் கட்டி எங்கள் கம்பெனியில் சேர், பத்துப் பேரைச் சேர்த்துவிடு, மாதாமாதம் பணம் வரும், இந்த ஓலையை விடு" என்கிறார். போன உற்சாகத்தைத் திரும்பக் கொண்டுவர வழி இருக்கிறதா? இல்லை, நிறுத்திவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் அந்த ஆறாயிரம். கட்டாதீர்கள். பொருளை விற்றுக் கமிஷன் வாங்குவது வேறு, ஆளைச் சேர்த்துப் பணம் வாங்குவது வேறு. மத்திய அரசு 2021 டிசம்பரில் கொண்டுவந்த நேரடி விற்பனை விதிகள் இரண்டாவதைத் தடை செய்கின்றன. சேருவதற்குக் கட்டணம் வாங்கவும் கூடாது. அந்த ஆள் உங்களுக்கு வேண்டியவராகவே இருக்கலாம், நல்ல எண்ணத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் கீழே சேரப்போகிற பத்துப் பேர் யார்? அந்த டீச்சரும் உங்கள் சபைப் பெண்களும்தான். ஆறு வருடம் பெட்டி விற்றுச் சம்பாதித்த நம்பிக்கையை ஒரே மாதத்தில் செலவழித்துவிடுவீர்கள்.

சரி, உற்சாகத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பாதியில் மனிதர்கள் வருகிறார்கள், டீச்சர், சேச்சி. பிற்பாதியில் ஒருவர்கூட இல்லை. போட்டோவும் 'சூப்பரும்' விலைப் பேரமும்தான். விற்பனை குறைந்ததால் நீங்கள் சோர்ந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். எனக்குத் தோன்றுவது வேறு. வாங்குகிற ஆளின் முகம் உங்கள் வேலையிலிருந்து போய்விட்டது, சோர்வு அதனால் வந்தது, விற்பனையும் அதனால்தான் குறைந்தது. கொரோனா காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் இருந்தார்கள், கடை இல்லை, சந்தை இல்லை. அன்று ஃபோனில் விற்றது அந்தக் காலத்தின் விசேஷம். அதை வழக்கம் என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல்.

வீட்டில் இருந்தபடி நேரடியாக விற்கிற தொழிலுக்கு ஒரு பழைய பாடம் உண்டு. அமெரிக்காவில் டப்பர்வேர் பாத்திரங்கள் வந்த புதிதில் கடைகளில் சரியாகப் போகவில்லை. மூடியை எப்படி அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடுவது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியவில்லை. பிரவுனி வைஸ் என்ற பெண்மணி அதை வீடுகளில் பெண்களைக் கூட்டி வைத்துச் செய்து காட்டி விற்றார். அது நன்றாகப் போகவே, 1951ல் கம்பெனி கடைகளிலிருந்து சரக்கையே எடுத்துவிட்டு வீட்டுக் கூட்டங்களில் மட்டும் விற்க ஆரம்பித்தது. பிளாஸ்டிக் விற்ற கதையை ஓலை முடைகிறவரிடம் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள். செய்து காட்டினால்தான் புரிகிற பொருள் உங்களுடையதும்தான். ஓலைப்பெட்டியைப் பார்க்கும் பெண்ணின் மனதில் என்ன ஓடுகிறது? தண்ணீர் பட்டால் என்ன ஆகும், பூஞ்சை பிடிக்குமா, சாயம் ஒட்டுமா, எத்தனை நாள் வரும். போட்டோ இதில் எதற்கும் பதில் சொல்லாது. அதனால் 'சூப்பர்' போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஆகவே நான் சொல்வது இதுதான். அந்த டீச்சரிடம் போங்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுத் திண்ணையில் ஆறேழு பேர் உட்கார இடம் கேளுங்கள். நனைத்துப் பதமாக வைத்த ஓலை ஒரு கட்டு, ஈர்க்கு கிழிக்கிற கத்தி, சாயம் ஏற்றிய கீற்று கொஞ்சம், முடைந்து பாதியில் நிற்கிற பெட்டி ஒன்று, முழுப்பெட்டி நாலைந்து. இவ்வளவு போதும். அவர்கள் கையிலேயே ஓலையைக் கொடுத்து ஒரு சின்னப் பூவோ கிலுகிலுப்பையோ முடையச் சொல்லுங்கள். காய்ந்த ஓலை ஏன் ஒடிகிறது, நனைத்தது ஏன் வளைகிறது என்று விரல்களுக்கே தெரியும். இரண்டு வரிசை முடைவதற்குள் முதுகு வலிக்கும், அதற்குப் பிறகு 150க்குக் கேட்க வாய் வராது. பெட்டியை ஈரத்துணியால் துடைத்து வெயிலில் காயவைத்துக் காட்டுங்கள். அன்றைக்கு ஒன்றும் விற்காவிட்டாலும் கவலைப்படாதீர்கள். அடுத்த வீட்டுக்கு உங்களை அழைக்கிறவர் அந்த ஆறேழு பேரில் ஒருவராக இருந்தால் அதுவே போதும். டீச்சருக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டு வாருங்கள்.

இப்படி நாலு பேர் நடுவில் உட்கார்ந்து முடையும்போதுதான் கை ஓடும். உற்சாகம் வந்த பிறகு வேலை செய்யலாம் என்று வீட்டில் காத்திருந்தால் அது வராது. எனக்குத் தெரிந்து எந்தக் கைவேலைக்காரருக்கும் அப்படி வந்ததில்லை.

அப்புறம் விலை. இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் சோர்வில் பாதி இதற்குள் இருக்கிறது. ஒரு மூடிப்பெட்டிக்கு ஓலை, சாயம், உள்ளே தைக்கிற துணி சேர்த்து 50 ரூபாய் ஆகிறது, முடைய ஐந்து மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். 180ல் 50 போனால் 130. மணிக்கு 26 ரூபாய். எட்டு மணி நேரம் தலை நிமிராமல் முடைந்தாலும் நாளைக்கு 208. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். உங்கள் பாட்டியிடமிருந்து வந்த ஒரு வித்தைக்கு நீங்கள் போடுகிற விலை அதையும்விடக் கீழே இருக்கிறது. 150க்குக் கொடுத்தால் மணிக்கு 20தான். கை ஏன் ஓடவில்லை என்று கேட்கிறீர்கள், கைக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது!

அந்த 336ஐ எட்டால் வகுத்தால் மணிக்கு 42. ஐந்து மணி நேரத்துக்கு 210, பொருளுக்கு 50, ஆக 260. இதில் வீணாகும் ஓலை இல்லை, திரும்பி வருகிற பெட்டி இல்லை, ஃபோனில் பதில் சொல்லும் நேரம் இல்லை. அதையெல்லாம் சேர்த்து 320 என்று வையுங்கள். சிலர் போய்விடுவார்கள், போகட்டும். குறைந்த விலைக்குக் கேட்கிறவர்களுக்குப் பெரிய பெட்டியில் தள்ளுபடி கொடுக்காதீர்கள். அரை மணி நேரத்தில் முடிகிற சிறு பொருள் ஒன்று தனியாக வைத்திருங்கள், அதை 40க்குக் கொடுங்கள். யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதாகவும் இருக்காது, உங்கள் உழைப்பும் போகாது.

யாருக்கு விற்பது என்பதற்கு வெளியூர் தேட வேண்டாம். நம் மாவட்டத்துக் கல்யாணங்களில் பெண்வீட்டார் பலகாரத்தோடு மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற அடுக்களை காணல் இருக்கிறதே, முந்திரிக்கொத்தும் அதிரசமும் முறுக்கும் இப்போது அட்டைப்பெட்டியிலும் பிளாஸ்டிக் டப்பாவிலும்தான் போகின்றன. அளவு ஏறுமுகமாக ஐந்து ஓலைப்பெட்டி ஒரு செட்டாகச் செய்து கல்யாண வீடு ஒன்றில் காட்டிப் பாருங்கள். பந்தலில் இருநூறு பேர் கண்ணில் படும். உங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு ஒரு நல்ல பெட்டி காணிக்கையாகக் கொடுங்கள், ஏலத்தில் அது என்ன விலைக்குப் போகிறது என்று கவனியுங்கள். கிறிஸ்துமஸ் கேக்குக்கு, ஓணத்துக்குத் திருவனந்தபுரம் பக்கம், மாசியில் மண்டைக்காடு. நாள்காட்டியில் இவற்றைக் குறித்து இரண்டு மாதம் முன்னாலேயே முடைய ஆரம்பிக்க வேண்டும்.

மழையையும் கணக்கில் எடுங்கள். நமக்கு ஜூனில் தொடங்குகிற இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசியில் துலாம் மாதத்து மழையும் உண்டு. ஓலை காயாது, முடைந்து வைத்ததிலும் பூஞ்சை ஏறும். ஜூன், ஜூலையில் ஆர்டர் குறைந்தால் வியாபாரம் படுத்துவிட்டது என்று பயப்படுகிறீர்கள். அது ஓலையின் ஓய்வுக்காலம். தை முதல் பங்குனி வரை நல்ல வெயில், பனையேறிகளும் பதநீருக்காக மரத்தில் இருக்கிற சமயம். குருத்தை அப்போதே சொல்லி வாங்கிக் காயவைத்துக் கட்டி வையுங்கள். பனையேறிக்குக் கொடுக்கிற காசில் மட்டும் பேரம் பேசாதீர்கள். அவரும் மரத்தைவிட்டு இறங்கிவிட்டால் உங்களுக்கும் எனக்கும் ஓலை இல்லை.

இன்னொன்று. தனியாக முடையாதீர்கள். உங்கள் பாட்டி காலத்தில் நாலு பெண்கள் ஒரு முற்றத்தில் உட்கார்ந்துதான் முடைந்தார்கள். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப்புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், வீட்டுக்கு வீடு சிறு அளவில் கிடைத்த முட்டையையும் தேனையும் கூட்டுறவாகச் சேர்த்து, தரம் பார்த்து விற்க வழி செய்தார். மார்த்தாண்டம் தேனுக்கு இன்று இருக்கிற பேர் அந்த அடித்தளத்தில் நிற்கிறது. முடையத் தெரிந்த இரண்டு பேரை உங்கள் ஊரிலேயே கண்டுபிடியுங்கள். ஒரே அளவு, ஒரே விலை, கோணலாக வந்தால் யாருடையதானாலும் விற்பதில்லை என்று மூவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வீட்டுக்காரர் நாற்பது செட் கேட்டால் பயமில்லாமல் சரி சொல்லலாம்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். இந்தக் கிறிஸ்துமஸ் வரை புதிய விலையில், திண்ணைத் திண்ணையாகப் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் ஓலையைத் தொட மனமில்லை என்றால் நிறுத்துங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. வாங்கிய முன்பணம் ஏதாவது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மிஞ்சிய சரக்கை 150க்குத் தள்ளிவிடாமல் புதிய விலைக்கே வைத்திருங்கள். முதல் கூட்டம் முடிந்ததும் யார் யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள். விலையை மட்டும் அதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா