ஆங்கிலத்தில் வாத்து இனப் பறவையான கூஸ் பன்மையில் கீஸ் ஆகிறது. மங்கூஸ் ஏன் மங்கீஸ் ஆவதில்லை? மவுஸ் மைஸ் என்றால் ஹவுஸ் ஏன் ஹைஸ் இல்லை?

கூஸுக்கும் மங்கூஸுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காதுக்கு ஒன்றுபோலக் கேட்கிறது, அவ்வளவுதான். கீரியைக் குறிக்கும் மங்கூஸ் நம் பக்கத்துச் சொல். மராத்தியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில்தான் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கூஸைக் கீஸ் ஆக்கிய விதி அதற்குள் செத்தே போய்விட்டது. அதனால் மங்கூஸஸ்.

அந்த விதி இதுதான். ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் மூதாதையான மொழியில் இவ்வகைச் சொற்களின் பன்மை விகுதி 'இஸ்'. அடுத்து இகரம் வரப்போகிறது என்பதால் நாக்கு முன்கூட்டியே முன்பக்கம் நகர்ந்தது; சொல்லின் நடு உயிர் மாறிவிட்டது. பிறகு விகுதி தேய்ந்து உதிர்ந்தது, மாறிய உயிர் மட்டும் நின்றது. ஃபுட் அன்றைக்கு ஃபோட், பன்மை ஃபேட். பின்னாளில் ஆங்கில நெடில்களின் உச்சரிப்பே மொத்தமாக இடம் மாற, ஃபேட் ஃபீட் ஆனது. டூத், மவுஸ், மேன் எல்லாம் இதே கதை.

எனக்கு ரொம்பப் பிடித்தது புக். பழைய ஆங்கிலத்தில் அது போக், பன்மை பேச்! ஆட்டைக் குறிக்கும் கோட், ஓக் மரம்கூட இப்படித்தான் உயிர் மாறின. அப்புறம், அன்றைய இலக்கணம் ஆண்பால் என்று வகுத்த பெயர்ச்சொற்களுக்கு மட்டும் வந்துகொண்டிருந்த 'அஸ்' விகுதி, அதாவது இன்றைய எஸ், மெல்ல மெல்ல எல்லாவற்றையும் விழுங்கியது. தினமும் வாயில் புழங்கிய சில சொற்கள்தான் தப்பின. பேனைக் குறிக்கும் லவுஸ் தப்பி லைஸாகவே இருப்பதைப் பார்த்தால், அந்தக் காலத்துத் தலைகளின் நிலைமை புரிகிறது.

ஹவுஸ் அந்த இலக்கணத்தில் ஆண்பாலும் பெண்பாலும் இல்லாத வேறு பாலைச் சேர்ந்த சொல். அந்த வகையில் ஹவுஸ் மாதிரிச் சொற்களுக்கு விகுதியே கிடையாது. ஹவுஸ் அன்றைக்கு ஹூஸ்; ஒன்றும் ஹூஸ், பத்தும் ஹூஸ். இகரமே இல்லாதபோது உயிர் எப்படி மாறும்? ஷீப், மானைக் குறிக்கும் டியர் இரண்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன. ஹவுஸோ எஸ் வாங்கிக்கொண்டது.

தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால், உயிர் மாறும் சொற்களில் இன்று புழக்கத்தில் மிஞ்சியவை ஏழுதான்: மேன், வுமன், ஃபுட், டூத், கூஸ், மவுஸ், லவுஸ். கூடவே ஆக்ஸன், சில்ட்ரன் இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்துவிடுங்கள். லத்தீன், கிரேக்க இறக்குமதிகள் தனி விவகாரம். மூஸ் என்ற பெரிய மான் வகையைப் பார்த்து மீஸ் என்று எழுதிவிடாதீர்கள். அது வட அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது, பன்மையிலும் மூஸ்தான்.